ஆளில்லாத வீட்டின் புகை

எங்கள் பனிமலை ஊரில் வீடுகளை வீடு என்று எண்ணுவதில்லை, புகை என்று எண்ணுவார்கள். உங்கள் ஊர் எத்தனை புகை என்று எந்த வாண்டைக் கேட்டாலும் சொல்லிவிடும். "உன் புகை அணைய" என்று ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டிவிட்டால், அந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவே அதற்கப்புறம் போக்குவரத்தே இருக்காது. காலையில் வாசலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வானத்தை இல்லை, எதிர்வீட்டுப் புகைப்போக்கியை. புகை வந்தால் நிம்மதி. வராவிட்டால் செத்துட்டானா, ஓடிட்டானா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். விறகு இல்லாமல் இருக்கலாம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றாது.

இந்தக் கூத்தில்தான் என் மகளின் நெஞ்சு கெட்டது.

என் வீட்டுக்காரர் எசென்குல் வீட்டுக்கு மூத்தவர். கல்யாணமான மறுவருஷமே பங்கைக் கொடுத்து எங்களைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். அப்பா வீடு கடைசிப் பிள்ளைக்கு. அதுதான் எங்கள் வழக்கம், அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கடைசிப் பிள்ளை உலார். மாமனார் காலமாகி நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும், அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வேலை தேடி மாஸ்கோ பக்கம் போய்விட்டான். போகும்போது அப்பா வீட்டின், நாங்கள் பெரிய வீடு என்று சொல்வதன், சாவியை அண்ணன் கையில் வைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? பூட்டு பத்திரமா, கூரை ஒழுகுகிறதா என்று எப்போதாவது எட்டிப்பார்ப்பது. ஆனால் எசென்குல் மறுநாள் விடிந்ததும் எங்கள் குவியலிலிருந்து ஒரு கை நிறைய விறகை அள்ளிக்கொண்டு போய் அந்த ஆளில்லாத வீட்டில் அடுப்பை மூட்டினார். எதற்கு என்று கேட்டேன். "அப்பா வீட்டுப் புகை நிக்கக் கூடாது" என்றார். ஏதோ துக்கத்தில் நாலு நாள் செய்வார், ஓய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஓயவில்லை. குளிர்காலம் வந்தது, போனது, அடுத்ததும் வந்தது. தினமும் அந்த நடை நடந்தது.

அவர் பொல்லாதவர் இல்லை. என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் நானும் பதிலுக்குப் பதில் கொடுத்து எப்போதோ தீர்த்திருப்பேன். இவர் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு விறகைத் தூக்கிக்கொண்டு போவார். நான் கத்துவது எதுவும் காதில் விழாது.

விறகு எங்களுக்கு என்ன சும்மாவா வருகிறது? மலைமேல் மரத்தைத் தொட்டால் வனக்காவலன் கோடாரியைப் பிடுங்கிக்கொள்வான். நிலக்கரி லாரி வரும், பெரிய மந்தைக்காரர்கள் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போகும். எங்களிடம் இருந்தது இரண்டு பசு, கொஞ்சம் ஆடு. ஆட்டுக்கிடையில் மிதிபட்டு இறுகிய சாணத்தை வெட்டிக் காயவைத்த கட்டி, வாய்க்காலோரம் பட்டுப்போன பாப்லர் மரம், ஆற்றங்கரைக் கிளைகள். இதை வைத்து முதல் பனியிலிருந்து ஆடு குட்டி போடும் காலம் வரை தள்ள வேண்டும்.

தள்ளவும் தெரியும் எனக்கு. குளிர் வந்ததும் மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு ஒரே அறைக்குள் வந்துவிடுவோம். கதவுக்கு உள்பக்கம் பழைய கம்பளித் துணியைத் தொங்கவிடுவேன். ஒரு கோடை முழுக்க வெயில் பட்ட விறகைத்தான் உள்ளே எடுப்பேன். அடுப்புக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கிறது. புகை அதற்குள் வளைந்து வளைந்து போய்தான் வெளியேறும். அந்தச் சுவர் ஒரு முறை சூடேறிவிட்டால் அரை நாள் தாங்கும். நெருப்பு தணலானதும் புகைப்போக்கியின் தகட்டைத் தள்ளி மூடிவிட்டால் சூடு வெளியே போகாது. ஆனால் தணல்மேல் நீல நாக்கு ஒன்றாவது ஆடிக்கொண்டிருந்தால் மூடக் கூடாது. மூடினால் அந்த விஷக்காற்று அறைக்குள் திரும்பிவிடும். வாசனை கிடையாது, கண் எரியாது, தூங்குகிறவர்கள் அப்படியே தூங்கிப்போக வேண்டியதுதான். எங்கள் ஊரில் அப்படிப் போன குடும்பமே உண்டு.

மூன்றாவது குளிர்காலத்தில் என் மகள் கனிஷாய்க்கு எட்டு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அதற்கு முந்தின குளிரில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்ததே பெரிய பாடு. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "பிள்ளைய சூடா வச்சுக்கங்க. புகை பட விடாதீங்க. இன்னொரு தடவ கட்டிச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." எசென்குல் தலையாட்டினார். மறுநாள் காலை விறகை அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்து வீட்டு அசில்கானைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். காய்ந்த விறகு எரிந்தால் புகை அவ்வளவாகத் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு முதல் குளிர்காலத்திலேயே அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன துமார், உங்க மாமனார் வீட்டுப் புகை இளைச்சுப் போச்சு? சாப்பாடு போடறதில்லையா?" என்றாள். நான் நறுக்கென்று ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு அது தைத்துவிட்டது. அன்றிலிருந்து காய்ந்த விறகைக் கீழே வைத்து, அதன்மேல் ஆற்றங்கரையில் வெட்டின ஈரக் கிளையும் நமுத்த சாணக் கட்டியும் போட ஆரம்பித்தார். வெள்ளைப் புகை கட்டிக் கட்டியாகக் கிளம்பி ஊர்க்கோடி வரை தெரிந்தது. அசில்கான் திருப்தியாகத் தலையாட்டினாள். அந்த வீட்டுக்குள் ஒரு குவளைத் தண்ணீர் வைத்தால் உறைந்துவிடும், அது வேறு விஷயம்.

ஈரத்தை எரித்தால் புகைப்போக்கிக்குள் தார் படியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அதற்குத்தான் இலையுதிர் காலத்தில் கயிற்றில் கல்லையும் முள்செடிக் கற்றையையும் கட்டிக் கூரைமேலிருந்து புகைப்போக்கிக்குள் இறக்கி இழுப்போம். காசா பணமா? எங்கள் வீட்டில் வருஷம் தவறாமல் செய்வார். பெரிய வீட்டில் மட்டும் செய்யவில்லை. ஏன் என்றால், ஒரு வீட்டுப் புகைப்போக்கியின் கரியை அந்த வீட்டுக்காரன்தான் வெளியே கொட்ட வேண்டுமாம், வேறு ஆள் கொட்டினால் வீட்டின் அதிர்ஷ்டமும் அதோடு போய்விடுமாம். "தம்பி வந்து கொட்டட்டும்" என்றார். மூட்டுவதற்கு மட்டும் இவர், சுத்தம் செய்ய மாஸ்கோவிலிருந்து அவன் வர வேண்டும். தலையில் அடித்துக்கொண்டேன்.

குவியல் பாதியானபோது பனி இடுப்பளவு நின்றது. கனிஷாய் இரும ஆரம்பித்தாள். நான் எசென்குலை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினேன். இரண்டு அடுப்பு வேண்டாம், ஒன்று போதும். நாம் பெரிய வீட்டுக்குப் போய்விடலாம், அதன் சுவர் ஒரு முழம் தடிமன், அடுப்பும் நல்ல அடுப்பு. அங்கே மனுஷர்கள் இருந்து உண்மையான தீ எரிந்தால் உங்கள் அப்பா வீட்டுப் புகையும் நிற்காது, பிள்ளையும் பிழைப்பாள்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. பங்கு வாங்கிப் போன மூத்தவன் திரும்பி வந்து உட்கார்ந்தால், தம்பியின் அடுப்பைத் தன் கையால் அணைத்தது போலாகும் என்றார். தம்பி செத்தால்தான் அப்படிச் செய்வார்கள் என்றார். அப்படியானால் அவனையே கேளுங்கள் என்று போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். உள்ளே சரியாகக் கேட்காது என்று சொல்லி வெளியே போய்ப் பேசினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பனியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "கோடையில வர்றாங்களாம். அதுவரைக்கும் யாரும் தங்க வேண்டாம்னுட்டான்" என்றார்.

உலாரை நான் அன்றைக்குத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமில்லை. என் கூடப்பிறந்த தம்பிக்குச் சமமாக நான் வைத்திருந்த பையன், இப்படி நெஞ்சில் ஈரம் இல்லாமல் போனானே என்று புலம்பினேன். எசென்குல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எங்கள் அடுப்பில் ஒரு வேளைத் தீதான். இருக்கிற சூடு போய்விடக் கூடாதென்று அவர் தகட்டை அவசரப்பட்டு மூடுவார். நான் திறப்பேன், அவர் மூடுவார். இதில் ஒரு நாள் நான் அசந்துவிட்டேன். காலையில் எனக்குத் தலை பிளந்தது. கனிஷாய் படுக்கையிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் நடந்தவள், கால் மடங்கி விழுந்து வாந்தி எடுத்தாள். உதடு வெளுத்திருந்தது. இழுத்துக்கொண்டு வந்து முற்றத்துப் பனியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து, "அம்மா, குளுருது" என்றாள். அந்தக் குளிர்காற்றுதான் அவளைக் காப்பாற்றியது.

எசென்குல் அந்நேரம் அங்கே இல்லை. பெரிய வீட்டுக்குப் புகை போட்டுவிட்டு, நாளைய புகைக்குக் கிளை வெட்ட ஆற்றுக்குப் போயிருந்தார்.

அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. சாவி நிலைக்கு மேலே இருந்தது. பிள்ளையைப் போர்வையில் சுற்றி, பனியில் இழுக்கும் சறுக்குவண்டியில் உட்காரவைத்து, காய்ந்த பாப்லர் கட்டைகளையும் ஏற்றி இழுத்துக்கொண்டு போனேன். அசில்கான் வேலியோரம் வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பெரிய வீட்டுக்குள் கல்லறைக் குளிர். நாத்தனார்கள் நெய்த கம்பளங்கள், சுவரோரம் அடுக்கிய மெத்தைகள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அடுப்பில் அவர் வைத்துவிட்டுப் போன ஈரக் கிளை சீறிக்கொண்டு கிடந்தது. அதை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, என் கட்டைகளை அடுக்கி, தகட்டை முழுக்கத் திறந்து, மனம்போலத் தீ மூட்டினேன். மூன்று வருஷமாக அந்த அடுப்பு பார்க்காத தீ. சுவர் சூடேறியது. கனிஷாய் முதலில் கையுறையைக் கழற்றினாள், பிறகு தலைத்துணியை. செங்கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். இருமவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

அப்போதுதான் சுவருக்குள் சத்தம் கேட்டது. மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி ஓர் உறுமல். முதலில் காற்று என்று நினைத்தேன். தகட்டின் இடுக்கில் எட்டிப்பார்த்தால் உள்ளே எல்லாம் வெள்ளையாக எரிகிறது. மூன்று குளிர்காலத்துத் தார். தகட்டை இழுத்து மூடப் பார்த்தேன், கை வெந்துபோயிற்று. மேலே கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே போட்டிருந்த வைக்கோல் பிடித்துக்கொண்ட வாசனை வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டவும் கூரை ஓடுகள் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தன.

ஊர் திரண்டது. வாய்க்கால் உறைந்து கிடந்தது, மண்வாரியால் பனியை அள்ளி எறிந்தார்கள். எறிந்தால் தீரக்கூடிய தீயா அது? ஆற்றிலிருந்து எசென்குல் ஓடி வந்தார், தோளில் கிளைக்கட்டு அப்படியே இருந்தது. என்னைத் தாண்டி, என் இடுப்பில் இருந்த பிள்ளையைத் தாண்டி, எரிகிற வீட்டைப் பார்த்துப் போனார். நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் சுவர் மட்டும் நின்றது.

மூத்த மருமகள் மாமனார் அடுப்பை அணைத்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும். நான் மூட்டியது முறையான தீ, காய்ந்த விறகு, திறந்த தகடு. அந்தப் புகைப்போக்கிக்குள் தாரை அப்பியது நான் இல்லை. இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் நடந்ததுதான் என்னால் பொறுக்கவே முடியாதது. சாவு வீட்டுக்கு வருவது போல ஆண்கள் தூரத்திலிருந்தே ஓவென்று அழுதுகொண்டு வந்தார்கள். எசென்குல் வாசலில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. அப்பன் அடுப்பு போன வீட்டுக்கு ஆளுக்கு ஒரு சுமை கொண்டுவருவது வழக்கமாம். சாணக் கட்டி மூட்டை மூட்டையாக வந்தது. பிளந்த பாப்லர் வந்தது. மந்தைக்காரர் ஒருவர் வண்டியில் நிலக்கரியே அனுப்பினார். அசில்கான்கூட ஒரு கட்டு முள்விறகைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சுவர் உயரத்துக்குக் குவிந்தது. என் பிள்ளை இருமினபோது ஒரு குச்சி கொடுக்காத ஊர், ஆளில்லாத வீடு எரிந்ததற்கு வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியது.

சரி, எப்படியோ வந்ததே, பிள்ளைக்கு ஆகட்டும் என்று ஒரு கட்டையை எடுத்தேன். எசென்குல் என் கையிலிருந்து அதை வாங்கித் திரும்பக் குவியலில் வைத்தார். "இது அப்பா அடுப்புக்கு வந்தது. உலார் வந்து வீடு கட்டுவான். அவன்தான் இதை எரிக்கணும்" என்றார்.

கனிஷாய்க்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சு விசிலடித்தது. அவள் படுத்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் அத்தனை விறகும்.

அடுத்த நாள் அவர் இடிபாட்டுக்குப் போயிருந்தபோது, வீட்டில் விட்டுவிட்டுப் போன போன் அடித்தது. உலார். தீப்பிடித்த வீடியோவை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அண்ணி, யாருக்கும் ஒண்ணும் ஆகலயே? கனிக்குட்டி நல்லா இருக்காளா?" என்றான். அவனுக்கு வைத்திருந்த வசவை நான் எடுக்கவில்லை. வீடு போய்விட்டதே, கோடையில் வந்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"கோடையிலயா? நாங்க எங்க வர்றோம் அண்ணி. இங்கயே குடியுரிமை வாங்கிட்டோமே. அண்ணங்கிட்ட போன வசந்தத்துலயே சொல்லிட்டேன். நீங்களே பெரிய வீட்டுக்குப் போயிருங்க, பாப்பாவுக்கு அங்கதான் கதகதப்பா இருக்கும்னு அப்பவும் சொன்னேன், போன மாசம் போன் பண்ணினப்பவும் சொன்னேன். அண்ணன் சொல்லலியா?"

போனை வைத்துவிட்டு, அசில்கானைப் பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போனேன். எசென்குல் இடிந்த அடுப்பிலிருந்து நல்ல செங்கல்லாகப் பொறுக்கித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி.

"உலார் பேசினான்" என்றேன். "போன வசந்தத்துலயே உங்ககிட்ட சொன்னானாமே."

கையில் இருந்த செங்கல்லை வைத்தார். மறுப்பார், பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

"சொன்னான்."

"நம்மள இங்க வந்து இருக்கச் சொன்னானாமே."

"சொன்னான்" என்றார். பிறகு அவராகவே பேசினார். "நாம வந்து உக்காந்துட்டா அவன் வரமாட்டான்னு ஊருக்கே தெரிஞ்சிரும். புகை வந்துகிட்டே இருந்தா, என்னைக்காவது மனசு மாறுவான்னு நெனச்சேன். அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது துமார்?"

செத்துப்போன அப்பாவுக்குப் பதில்.

"பிள்ள விடிய விடிய இருமினாளே. அது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தூக்கம் அசத்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் நான் அவரோடு இன்னும் ஒரு ஆயுள் சண்டை போட்டுக்கொண்டே வாழ்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஊர் கொடுத்த குவியலைப் பிரித்து அடுப்பை நிரப்பினேன். அறை நன்றாகச் சூடேறியது. காய்ச்சல் இறங்க நாளாயிற்று, நர்ஸ் நினைத்ததற்கு மாறாகப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். நெஞ்சு மட்டும் தேறவில்லை. மற்றப் பிள்ளைகள் மேய்ச்சல் மேட்டில் ஓடி ஏறும்போது இவள் பாதியில் குந்திவிடுவாள், இப்போதும் அப்படித்தான்.

ஊர் விறகைப் பிரித்த அன்றைக்குப் பொழுது போனபின் எசென்குல் வந்து கதவோரமாக உட்கார்ந்தார். "அப்பா, இங்க சூடா இருக்கு, வாங்க" என்று கனிஷாய் கூப்பிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை.